தோப்புக்கரணத்தின் கணக்கு

அம்பத்தூர் ரயில் நிலையத்து மேம்பாலத்துக்கு எத்தனை படிகள் என்று நேயர்களில் யாரேனும் எண்ணியதுண்டா? கணக்கு உபாத்தியாயராக இருந்தும் நாம் எண்ணியதில்லை. இளமையில் அந்தப் படிகள் இருப்பதே நமக்குத் தெரியவில்லை. நாற்பத்தைந்து வயது ஆனதும் அவை ஒவ்வொன்றாகத் தம்மை அறிமுகம் செய்துகொள்ளத் தொடங்கின. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், ஆவடிப் பக்கம் போகும் மின்சார ரயிலைப் பிடிக்க விரைந்தபோது, பாதிப் படியில் மூச்சு முட்டிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டோம். நம்மைவிடப் பத்து வயதாவது மூத்த பூக்காரி ஒருத்தி, கூடையும் தலையுமாக நம்மைக் கடந்து போனாள். பிறகு ரயிலும் போயிற்று.

வைத்தியர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, சர்க்கரை எல்லைக்கோட்டை எட்டிவிட்டது என்றார். நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு உண்டென்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அந்தப் பெருங்கூட்டத்தின் வாசற்படியில் நாமும் போய் நின்றோம். "மாத்திரையைப் பிறகு பார்ப்போம், முதலில் உடம்பை அசையுங்கள்" என்று வைத்தியர் அனுப்பிவைத்தார்.

மறுநாள் விடியற்காலையில் ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போனோம். அங்கே ஒரு திடலில் இருபது குழந்தைகள் வரிசையாக நின்று சிலம்பம் பழகிக்கொண்டிருந்தார்கள். கற்றுக்கொடுத்த இளைஞர் நம்மைக் கண்டதும் கம்பைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து கும்பிட்டார்.

"ஸார், என்னைத் தெரிகிறதா? ஒன்பதாம் வகுப்பு, கடைசிப் பெஞ்சு. வாய்ப்பாடு தப்பியதற்கு அறுபது தோப்புக்கரணம் போடச் சொன்னீர்களே!"

தெரிந்தது. தெரியாமலிருந்தால் நன்றாயிருக்கும் என்றும் தோன்றிற்று. "கால் ரொம்ப வலித்ததா, அப்பா?" என்று கேட்டோம்.

"தோப்புக்கரணம் வலிக்கவில்லை ஸார். பிள்ளையார் கோயிலில் தினமும் போடுகிறதுதானே? வகுப்பு சிரித்ததுதான் வலித்தது. அதைக்கூட மறந்துவிட்டேன். பரீட்சை நெருங்கினால் விளையாட்டுப் பீரியடையெல்லாம் நீங்கள் வாங்கிக்கொள்வீர்களே, அதுதான் இன்னும் மறக்கவில்லை. எனக்கு வந்தது அது ஒன்றுதான்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மாணாக்கரை உடலால் தண்டிக்கக் கூடாதென்று 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் விதித்த பிறகு நாமும் அந்த வழக்கத்தை விட்டுவிட்டோம். ஆனால் சட்டம் தொடாத குற்றம் ஒன்று பாக்கி இருந்தது. உடம்பை வருத்துவது மக்குக்குத் தண்டனை, உட்கார்ந்திருப்பது புத்திசாலிக்குப் பெருமை என்ற பாடத்தை, கரும்பலகையில் எழுதாமலே, வருஷக்கணக்காக நாம் கற்பித்து வந்திருக்கிறோம். குழந்தைகள் நாள்தோறும் 60 நிமிஷமாவது ஓடியாட வேண்டும், பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடலுழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வழிகாட்டியது. மாணாக்கருடைய நிமிஷங்களை நாம் வாங்கிக்கொண்டோம். நம்முடைய நிமிஷங்களையோ வீணே விட்டோம்.

நிற்க. அன்று முதல் அந்த வரிசையின் கடைசியில் நாமும் நின்றோம். நெற்றி உயரக் கம்பு உடனே கையில் வந்துவிடும் என்று எண்ணியது நம் அறியாமை. முதல் மாதம் முழுதும் காலடிதான். கம்பு கையில் சுழன்றாலும் ஆட்டம் காலில் இருக்கிறதாம். பத்து வயதுப் பெண் ஒருத்தி, "மாமா, இடது கால் முதலில்!" என்று நம்மைத் திருத்தினாள். இருபது வருஷம் பிறரைத் திருத்தியவருக்கு இது நல்ல மருந்து.

காலடிக்குப் பிறகு தண்டால், பஸ்கி, கடைசியில் தோப்புக்கரணம். ஆம், அதேதான்! தசை வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. உடம்பின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பின் பின்புறத்திலும் இருக்கின்றன. உட்கார்ந்து எழும்போது உழைப்பவை அவையே. முதல் நாள் எட்டுக்கு மேல் நம்மால் போட முடியவில்லை. பதினாலு வயதுப் பையனுக்கு அறுபது விதித்த மகானுபாவர் எட்டில் உட்கார்ந்துவிட்டார்!

வீட்டில் ஒரு பாய் விரித்துச் சூரிய நமஸ்காரமும் செய்து வருகிறோம். மகாராஷ்டிரப் பகுதியிலிருந்த ஔந்த் என்னும் சிறு சமஸ்தானத்தின் அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி, தாமே நாள்தோறும் இதைச் செய்து, தம் பள்ளிக்கூடங்களிலும் புகுத்தினார். அவரே 1939-ல், காந்தியடிகளின் ஆலோசனையுடன், அதிகாரத்தைக் குடிமக்களிடம் ஒப்படைக்கும் அரசியல் சட்டத்தையும் வழங்கினார். தன் உடம்பைத் தானே ஆளப் பழகிய அரசருக்கு, ஜனங்கள் தம்மைத் தாமே ஆளுவதில் அச்சமில்லை போலும். 1955-ல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணிச் சமுதாயம் வேண்டும் என்று தீர்மானித்தது. அந்த ஊர்ப் பக்கத்தில் பாடம் நடத்தும் நாம், நாட்டின் சுயராஜ்யத்தைப் பற்றி ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் முழங்குகிறோம். ஆனால் நம்முடைய முழங்கால் நம் சொல்லைக் கேட்பதில்லை.

இதற்குப் பணம் வேண்டியதில்லை என்பது நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். ஒரு பாயும் ஒரு மூங்கிற் கம்பும் போதும். முழங்கால் நோவோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு தொடங்குவது நலம்.

ஏழு மாதங்கள் சென்றன. சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு இப்புறம் வந்துவிட்டது. இலையில் சோற்றைச் சத்தமில்லாமல் ஒரு கரண்டி குறைத்த நம் இல்லத்தரசிக்கும் இதில் பங்கு உண்டு. மேம்பாலத்தில் இப்போது நிற்பதில்லை. ஆனால் பூக்காரியை இன்னும் முந்தினோமில்லை.

மாசி மாதத்தில் பரீட்சை நெருங்கியது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு விளையாட்டு ஆசிரியர் நம்மிடம் வந்து, "வழக்கம்போல எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றோம். வகுப்பில் போய், "எல்லோரும் மைதானத்துக்குப் போங்கள்" என்று சொன்னபோது ஒருவரும் அசையவில்லை. இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறதென்று சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகம் நாம் இருபது வருஷமாகச் சம்பாதித்தது. கடைசியில் நாமே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முன்னால் நடந்தோம். அப்புறந்தான் கடைசிப் பெஞ்சு எழுந்தது.