சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

சென்ற வருஷம் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தோம். ஒரு நாள் விடியற்காலையில் எதிர் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. எண்பது பிராயம் கடந்த அம்மாள் தூக்கத்திலேயே பரமபதம் அடைந்துவிட்டாள். ஒரே பிள்ளைக்குச் சிங்கப்பூரில் உத்தியோகம். அவன் வரும்வரை காத்திருப்பதா, தாயாதி ஒருவரைக் கொண்டு காரியத்தை நடத்திவிடுவதா என்று திண்ணையில் யோசனை நடந்தது.

அதற்குள் பிள்ளையிடமிருந்து செய்தி வந்துவிட்டது. மாலை ஏழரைக்குப் புறப்படும் விமானம் ஒன்பது மணிக்குத் திருச்சியில் இறங்கும்.

"ஒன்றரை மணி நேரந்தானா! தஞ்சாவூர் போகவே அவ்வளவு ஆகிறதே, ஓய்!" என்றார் நண்பர்.

கடிகாரம் செய்யும் மாயம் அது. சிங்கப்பூர் மணி நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. ஆகாயத்தில் கழிவது என்னவோ நாலு மணி நேரம். இங்கிருந்து அங்கே போகிறவருக்கோ அதே பிரயாணம் ஆறரை மணி என்று கணக்குக் காட்டும். நேர்கோட்டில் தூரம் ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர். டில்லிக்கு உள்ளதைவிட ஆயிரம் அதிகம்.

நண்பர் தம் பாட்டனார் காலமான கதையைச் சொன்னார். அப்போதும் பிள்ளை சிங்கப்பூரில்தான். தந்தி ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆள் வர வேண்டாமா? 1926 முதல் 1973 வரை அக்கடலில் ஓடிய 'ரஜூலா' கப்பல்தான் கதி. அது புறப்படும் நாள் வரையில் காத்திருந்து, பினாங்கு வழியாக ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் கழித்து, நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலேறி வந்தார். வந்தவருக்கு அம்மாமண்டபத்துப் படித்துறையில் ஸ்நானம் செய்வதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. பத்தும் முடிந்து, பதின்மூன்றும் முடிந்திருந்தது.

இத்தனைக்கும் 1938-லேயே தாதா கம்பெனியின் தபால் விமானம் கராச்சியிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியில் திருச்சியில் இறங்கியதுண்டு. கடிதங்களுக்கு முளைத்த சிறகு சாமானிய மனிதருக்கு முளைக்க வெகு காலம் பிடித்தது.

காத்திருப்பது என்றே முடிவாயிற்று. ஐஸ் பெட்டி வந்தது. இரவு நாமும் நண்பருடன் விமான நிலையம் சென்றோம். 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட புதுக் கட்டடம். கோபுரச் சாயலும் கோல வண்ணமுமாய்க் கண்ணைப் பறிக்கிறது. அன்று பார்க்க மனமில்லை. விமானம் சொன்ன வேளைக்கு இறங்கியது. ஆனால் பிரயாணம் என்பது விமானத்தோடு முடிகிறதா? பாஸ்போர்ட்டுக்கு ஒரு வரிசை, பெட்டிக்கு ஒரு வரிசை. பிறகு ஊரைக் குறுக்கே கடந்து காவிரிப் பாலத்துக்கு வந்தால், முன்னே ஒரு லாரி, பின்னே ஒரு பஸ். கடலைத் தாண்டியவர் காவிரியைத் தாண்டக் கால் மணி நேரம் காத்திருந்தார். காரில் ஒருவரும் பேசவில்லை.

பத்தரைக்கு வாசலில் இறங்கினார். சுவாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தாயாரின் காலடியில் உட்கார்ந்து பாதங்களைத் தொட்டார். அவர் கைக்கடிகாரத்தில் அப்போது மணி ஒன்று.