மசினகுடியில் ஒரு காலைப் பசியாறல்

நீலகிரி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது உதகையின் குளிரும் குன்னூரின் தேயிலைத் தோட்டங்களுமே. ஆனால் அம்மலையின் வடபுறச் சரிவில் இறங்கினால் வேறோர் உலகம் விரிகிறது. உதகையிலிருந்து கல்லட்டி வழியாகச் செல்லும் சாலையில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் குளிர் சற்றுக் குறைகிறது. மேலே தோள்மீது கிடந்த கம்பளி, கீழே வந்து சேரும்போது மடித்துப் பைக்குள் வைக்கப்படுகிறது. தேயிலை மறைந்து முட்செடிகளும் மூங்கிலும் கண்ணில் படுகின்றன. மழை மறைவுப் பகுதியான அந்தச் சமவெளியில் முதுமலைக் காட்டை ஒட்டி அமைந்திருக்கிறது மசினகுடி.

என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் அது. எங்கள் தாயாரும் சில ஆண்டுகளாக அவளுடனேயே இருக்கிறார்கள். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தேறி அங்கே சென்றுவருவது என் வழக்கம். தமிழும் மலையாளமும் கன்னடமும் படுகமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கக் கேட்கலாம். இருளரும் குறும்பரும் தலைமுறை தலைமுறையாக வாழும் மண் அது. 1932இல் சிங்காராவில் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது முதல், மின்திட்டப் பணிகளை நாடிப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர்.

வழியில் நேர்ந்த சங்கடம்

தாயாருக்கு நீரிழிவு நோய் உண்டு. கண் பரிசோதனைக்காக அவர்களை மைசூருக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. மசினகுடியிலிருந்து தெப்பக்காடு, பந்திப்பூர், குண்டலுப்பேட்டை வழியாகச் செல்லும் பாதை அது. வன விலங்குகளின் நலன் கருதி, பந்திப்பூர் வழியே இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை வாகனங்கள் செல்ல 2009 முதல் தடை இருந்துவருகிறது. எனவே சுபுஹ் தொழுகையை முடித்துக்கொண்டு, வாயில் திறக்கும் நேரத்திற்குப் புறப்பட்டால்தான் மருத்துவமனைக்கு உரிய நேரத்தில் சென்று சேர முடியும்.

முதல் முறை சென்றபோது இட்லியும் சாம்பாரும் பொட்டலமாகக் கட்டி எடுத்துச் சென்றோம். தாயார் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார்கள். காட்டுக்குள் வண்டியை நிறுத்தவோ கீழே இறங்கவோ அனுமதியில்லை. குலுங்கும் வண்டியில் பொட்டலத்தைப் பிரித்தபோது சாம்பார் முழுவதும் மடியில் கொட்டியது. இட்லி கீழே உருண்டது. சிறிது நேரத்தில் தாயாருக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டத் தொடங்கியது. என் சட்டைப் பையில் கிடந்த இரண்டு மிட்டாய்கள்தாம் அன்று உதவின. அல்ஹம்துலில்லாஹ், குண்டலுப்பேட்டை வரை சமாளித்துவிட்டோம்.

அந்தப் பதற்றத்தில் நான் ஒரு தவறும் செய்தேன். சாம்பார் இருந்த பிளாஸ்டிக் பையைச் சுருட்டிச் சன்னல் வழியே எறிந்துவிட்டேன். வண்டியோட்டிய தங்கை கணவர் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார். சற்றுத் தூரம் பேசாமல் ஓட்டியவர் பிறகு சொன்னார்: "மச்சான், அந்தப் பையில் உப்பும் புளியும் ஒட்டியிருக்கும். வாசனை பிடித்து வருகிற மானோ யானையோ பையோடு சேர்த்துத்தான் விழுங்கும். யானை இலத்தியில் பிளாஸ்டிக்கை நானே பார்த்திருக்கிறேன்." மாணவர்களுக்கு ஒழுக்கம் போதிக்கும் எனக்கு அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்கு நெடுங்காலமாகவே தடை இருக்கிறது. 2019 சனவரி முதல் நாள் தொட்டு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகம் முழுவதுமே தடை நடைமுறைக்கு வந்தது. சட்டம் அறிந்தவனே மீறினால் அதற்கு என்ன பெயர்?

சமையற்காரரின் கதை

தங்கை கணவர் முன்பு மசினகுடியை அடுத்த ஒரு தங்கும் விடுதியில் சமையற்காரராக இருந்தவர். மேலைநாட்டு விருந்தினர் பலர் அங்கே வந்து தங்குவர். சீகூர் பீடபூமியின் யானை வழித்தடத்தைக் காக்கும் பொருட்டுச் சென்னை உயர்நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. 2018இல் உச்சநீதிமன்ற உத்தரவின் பேரில் அங்கிருந்த விடுதிகள் பலவற்றிற்கு முத்திரை வைக்கப்பட்டது. 2020 அக்டோபர் 14ஆம் நாள் உச்சநீதிமன்றம் உயர்நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. முத்திரை வைக்கப்பட்டவற்றுள் இவர் வேலை செய்த விடுதியும் ஒன்று. அதன்பின் வாடகைக்கு ஜீப் ஓட்டிப் பிழைக்கிறார்.

இரண்டாம் முறை மைசூர் செல்ல வேண்டி வந்தபோது அவரே சொன்னார்: "இந்த முறை இட்லி வேண்டாம். ஒரு கையால் பிடித்துச் சிந்தாமல் சாப்பிடும்படி ஒன்று செய்கிறேன். விடுதியில் இருந்தபோது ஓர் அமெரிக்க விருந்தினர் சொல்லிக் கொடுத்தது." அதன் பெயர் புரீட்டோ.

பெயரும் பிறப்பும்

புரீட்டோ என்பது ஸ்பானிய மொழியில் 'சிறு கழுதை' என்று பொருள்படும். மெக்சிகோவின் வடபகுதியில் தோன்றி, எல்லை தாண்டி அமெரிக்காவில் பரவிய உணவு இது. மெல்லிய கோதுமை ரொட்டிக்குள் அவரை விதை, முட்டை, உருளைக்கிழங்கு, மிளகாய்ச் சாறு ஆகியவற்றை வைத்து உருட்டிவிடுகிறார்கள். முட்டை சேர்த்தது காலை உணவாகிறது.

இதன் வரலாற்றை எண்ணினால் வியப்பாக இருக்கிறது. கோதுமையை மெக்சிகோவிற்குக் கொண்டு சென்றவர்கள் ஸ்பானியர்கள். அந்த ஸ்பெயின் நாடோ பல நூற்றாண்டுகள் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. கிரனடா வீழ்ந்த 1492ஆம் ஆண்டில்தான் கொலம்பஸ் கப்பலேறினார். இன்றும் ஸ்பானிய மொழியில் அரிசி, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றுக்கான சொற்கள் அரபு மொழியிலிருந்து வந்தவையே. மறுபுறம், நாம் நம்முடையவை என்று எண்ணும் மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நீலகிரியில் உருளைக்கிழங்கைப் பயிரிடச் செய்தவர் 1820களில் கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன்.

ரொட்டிக்குள் உணவை மடிப்பது நமக்கும் புதிதன்று. நாம் விரும்பியுண்ணும் முர்தபாவின் பெயர், 'மடிக்கப்பட்டது' எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. சிங்கப்பூரில் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908 முதல் நடந்துவரும் ஜம்ஜம் உணவகம் அதற்குப் பெயர் பெற்றது.

ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். மெக்சிகோ முறையில் அந்த ரொட்டிக்குப் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது பழைய வழக்கம். உள்ளே பன்றி இறைச்சி வைப்பதும் உண்டு. எனவே வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகள் கேட்டறியாமல் இதனை வாங்கலாகாது. வீட்டிலேயே செய்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

செய்யும் முறை

பத்துப் பேருக்கு அவர் செய்த அளவைக் கூறுகிறேன். கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான ராஜ்மாவை முந்தைய இரவே ஊறவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு, புது நீரில் நன்கு கொதிக்கவிட்டுக் குழைய வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைக் கெடுத்துவிடும். வெந்ததைப் பூண்டு, சீரகத்தூள், உப்புச் சேர்த்து மசித்துக்கொள்ள வேண்டும்.

அரைக் கிலோ கோதுமை மாவில் உப்பும், நான்கு மேசைக்கரண்டி எண்ணெயும் விட்டுப் பிசறி, வெதுவெதுப்பான நீர் ஏறத்தாழ 300 மில்லி விட்டுப் பிசைந்து அரைமணி நேரம் மூடிவைக்க வேண்டும். பத்து உருண்டைகளாக்கிச் சப்பாத்தியைவிட அகலமாகவும் மெல்லியதாகவும் தேய்த்து, நன்றாகக் காய்ந்த கல்லில் எண்ணெயின்றிச் சுட வேண்டும். அதிகம் சுட்டால் விறைத்து, மடிக்கும்போது ஒடியும். சுட்டதை உடனே துணியில் சுற்றி வைத்தால் தன் ஆவியிலேயே மெதுவாகிவிடும். இதுதான் முக்கியமான பக்குவம்.

இரண்டு உருளைக்கிழங்கைச் சிறு துண்டுகளாக்கி வதக்கிக்கொள்ள வேண்டும். பத்து முட்டைகளை அடித்து நன்கு வேகும்வரை கிளறி எடுக்க வேண்டும். தக்காளியின் விதையையும் நீரையும் நீக்கி, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்துமல்லியுடன் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிய வேண்டும். நீரை நீக்காவிட்டால் ரொட்டி ஊறிக் கிழிந்துவிடும்.

ரொட்டியின் கீழ்ப்பாதியில் இவற்றை வரிசையாக வைத்து, இருபுற ஓரங்களையும் முதலில் உள்ளே மடித்து, பின்பு கீழிருந்து இறுக்கமாக உருட்ட வேண்டும். ஓரங்களை மடிக்காமல் உருட்டுவதுதான் சிந்துவதற்குக் காரணம். உருட்டியதை மடிப்புப் பக்கம் கீழே இருக்குமாறு கல்லில் ஒரு நிமிடம் வைத்தெடுத்தால் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும். தாயாருக்கானதில் அவர் கிழங்கைக் குறைத்து, ராஜ்மாவையும் முட்டையையும் கூட்டி வைத்தார். தணலில் வாட்டிய வாழையிலையில் ஒவ்வொன்றையும் சுற்றி வாழை நாரால் கட்டினாள் தங்கை. இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் உண்டுவிட வேண்டும்.

காட்டு வழியில்

ஆறு மணிக்குப் புறப்பட்டோம். தாயார் ஊசி போட்டுக்கொண்டு, பிஸ்மில்லாஹ் கூறி, இலையைப் பாதி மட்டும் விலக்கிக் கடித்து உண்டார்கள். ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை. "முர்தபா மாதிரிதான் இருக்கிறது, காரம் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்பது அவர்களின் தீர்ப்பு. இலையை என் துணிப்பையில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

தெப்பக்காட்டில் யானைகள் முகாம் இருக்கிறது. அங்கே வளர்ப்பு யானைகளுக்குக் கேழ்வரகு, கொள்ளு, வெல்லம், உப்புச் சேர்த்துக் கவளமாக்கி அதன் வாயிலேயே ஊட்டுவார்கள். அதைக் கடந்து சென்றபோது, சாலையின் குறுக்கே ஒரு காட்டு யானை தன் கன்றோடு வந்தது. மச்சான் வண்டியைத் தொலைவிலேயே நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிட்டார். கன்று நடுச்சாலையில் நின்று எங்களைப் பார்த்தது. தாய் யானை அதைத் துதிக்கையால் தள்ளிக்கொண்டு மறுபுறம் இறங்கியது.

நான் மெல்லக் கேட்டேன்: "இவற்றுக்காகத்தானே உங்கள் வேலை போயிற்று? வருத்தமில்லையா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "வருத்தம் இல்லை என்றால் பொய் மச்சான்" என்றார் பிறகு. "பதினொரு வருடம் அந்த அடுப்பில் நின்றேன். எங்களுக்கு வேறு வழி காட்டியிருக்கலாம். ஆனால் இதற்கு இந்த ஒரு வழிதான். எனக்குக் கைத்தொழில் இருக்கிறது. இன்றைக்கு அம்மா சாப்பிட்டார்களே, அது போதும்."

வண்டி மீண்டும் கிளம்பியது. வேலை பறிபோனவர் அந்த யானைக்கு வழிவிட்டு நின்றார். எதையும் இழக்காத நானோ ஒரு பையை மடித்து வைத்துக்கொள்ள மனமின்றி அதே காட்டில் எறிந்திருக்கிறேன். குண்டலுப்பேட்டையில் தேநீர் அருந்த இறங்கியபோது, துணிப்பையிலிருந்த இலைகளைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். மைசூரில் தாயாரின் கண்களைப் பரிசோதித்த மருத்துவர், இப்போதைக்கு அச்சமில்லை என்றார்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த பரிசோதனைக்கும் அதே வழியில்தான் செல்வோம். காரத்தை மட்டும் சற்றுக் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள் தாயார்.