அடுப்படிக்கு ஒரு ஜன்னல்

அடுப்படியில் இருமுகிற பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வழக்கம் எங்கள் காலத்தில் இல்லை. தாளிப்பு நெடி என்பார்கள், பனி என்பார்கள், வயசாகிவிட்டது என்பார்கள். என் பெரியம்மா அப்படி இருமியே காலத்தை ஓட்டியவர். விடியுமுன் அடுப்பைப் பற்றவைத்து, ஈர விறகு தணலாகும்வரை ஊதுகுழலை வாயில் வைத்து ஊதுவார். ஊதி முடித்து இழுக்கிற மூச்சில் அத்தனை புகையும் உள்ளே போகும். கண் சிவந்து நீர் வடியும். முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிவார். ஐம்பதைத் தாண்டியதும் நாலு படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கியது. பீடி, சுருட்டு எதையும் தொடாதவருக்கு, காலமெல்லாம் புகைபிடித்தவர்களுக்கு வருகிற நுரையீரல் நோய் வந்திருந்தது. "எந்த அடுப்பிலம்மா சமைக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார். அதுவரை வீட்டில் ஒருவருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

2020-ல் மட்டும், வீட்டுக்குள் எழுகிற புகையால் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிறையாத குழந்தைகள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு சமைத்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. கண்ணுக்குத் தெரிகிற கரும்புகையைவிடப் பொல்லாதது அதிலுள்ள நுண்துகள். 2.5 மைக்ரானுக்கும் சிறியது; தலைமயிரின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கால் அதைத் தடுக்க முடியாது. நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போய், ரத்தத்திலும் கலக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும்கூட இந்தப் புகையால் வருவது அதனால்தான்.

கேஸ் அடுப்பு வந்தது பெண்களுக்குப் பெரிய விடுதலை. ஆனாலும் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று, வெந்நீர் காய வைக்கவும் நெல் அவிக்கவும் விறகு மூட்டுகிற வீடுகள் இன்னும் எத்தனையோ. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது, சிலிண்டர் விற்கிற விலை அப்படி. அந்த நெருப்பைக் கொல்லைப்புறத்தில் திறந்தவெளிக்குக் கொண்டுபோங்கள், குழந்தையை அருகில் விடாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன்.

விறகையே பார்த்திராத வீடுகளிலும் ராத்திரி புகை உண்டு. கொசு வரும் என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, கட்டிலுக்கடியில் கொசுவத்திச் சுருளைக் கொளுத்தி வைக்கிறோம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகளைக் கக்குகிறது என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. பச்சைக்குழந்தை தூங்குகிற அறையில் இது வேண்டவே வேண்டாம். கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள்.

புகையே தெரியாத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் குளிர் தாங்காமல் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்து, காலையில் எழுந்திருக்காமலே போன செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலியும் மயக்கமுமாகத் தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. கேஸ் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் மாட்டினாலும் இதே கதிதான். அதை வெளிச்சுவரில் மாட்டச் சொல்லி பிளம்பரிடம் பிடிவாதமாக நில்லுங்கள்.

வீடு கட்டப்போகிற பிள்ளைகள் பிளானைக் கொண்டுவந்து காட்டினால், சமையற்கட்டுக்கு ஜன்னல் எங்கே என்றுதான் முதலில் தேடுவேன். அக்கினி மூலை பார்த்து அடுப்பு வைத்திருப்பார்கள். பொருள் வைக்க அலமாரி வேண்டும் என்று ஜன்னலை அடைத்திருப்பார்கள். கேட்டால், "சிம்னி போட்டுக்கலாம் தாத்தா" என்கிறார்கள். போடுங்கள், நல்லதுதான். ஆனால் சில சிம்னிகளுக்கு வெளிக்குழாயே கிடையாது; புகையை வடிகட்டி அதே அறைக்குள் திருப்பி விடுபவை. குழாய் சுவரைத் தாண்டி வெளியே போகிறதா என்று கடையிலேயே கேட்டு வாங்குங்கள். சிம்னி வந்த பிறகும் அந்த ஜன்னல் இருக்கட்டும்.