எலி இல்லீங்க, எம் பையன்

எங்க வீட்ல எலித் தொல்லைன்னுதான் ரெண்டு மாசமா நினைச்சுக்கிட்டிருந்தோம். அட்டாலியில வெச்ச அச்சு வெல்லம் நாளுக்கு நாள் குறையுது. பொறி வெச்சேன், ஒண்ணும் விழல. ஒருநாள் ராத்திரி மாட்டுக்குத் தட்டுப் போட எந்திரிச்சப்ப, டார்ச் வெளிச்சத்துல பார்த்தா நெல் மூட்டை மேல ஏறி நின்னுக்கிட்டிருக்கான் எம் பையன். 9 வயசு. வாய் நிறைய வெல்லம், டவுசர் பையில இன்னும் நாலு.

கவுந்தப்பாடிப் பக்கம் குடியிருந்துக்கிட்டு இனிப்பை எங்கீங்க ஒளிக்கிறது? பழனி பஞ்சாமிர்தத்துக்கே நாட்டுச் சர்க்கரை போற ஊரு. ஆலைக் கொட்டாய்ல கொப்பரை கொதிச்சா தெருவே மணக்கும். பாகு நக்காத குழந்தை இங்க கிடையாது. ஆனா இவன் கதை வேற. இவனுக்கு ஏ.டி.எச்.டி.ன்னு டாக்டர் சொல்லி ஒன்றரை வருசம் ஆச்சு. ஒரு பொருள் அங்க இருக்குன்னு தெரிஞ்சுட்டா, எடுக்காம இருக்க அவனால முடியறதில்ல.

அன்னிக்கு அடிச்சேன். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. அவங்க அப்பத்தா வந்து தடுக்கிற வரைக்கும் அடிச்சேன். "ஏன்டா திருடுன?"ன்னு கேட்டதுக்கு, "தெரியலப்பா, கை போயிருச்சு"ன்னான். பொய் சொல்றான்னுதான் அப்ப நினைச்சேன். அடுத்த வாரம் மோட்டார் ரூம்ல, ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னாடி கடலை மிட்டாய்க் காகிதம் ஒரு பிடி கிடந்துச்சு. கரண்டு ஓடுற இடம்! எனக்குக் கை கால் நடுங்கிருச்சு. என் அடி அவனை நிறுத்தல, அங்க அனுப்பியிருக்கு.

டாக்டர்கிட்ட ஓடினேன். சர்க்கரை தின்னு இந்தப் பிரச்சினை வர்றதில்லைன்னு முதல்லயே சொல்லிட்டார். அப்புறம், "மதியம் சாப்பிடுறானா?"ன்னு கேட்டார். டப்பா பாதி அப்படியே திரும்பி வருதுங்கன்னேன். காலையில குடுக்கிற மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை பசியை அமத்துமாம். சாயங்காலம் அதோட வேகம் இறங்கினதும் நாள் பூராப் பசியும் ஒண்ணா எந்திரிக்கும். நாங்க பால் கறக்கப் போற நேரமும் அதுதான். வீட்ல பையனும் அட்டாலியும் மட்டும்.

இப்ப மாத்திரைக்கு முன்னாடியே ரெண்டு முட்டையும் களியும் உள்ள போயிருது. நாலரைக்கு வேன்ல இருந்து இறங்கினதும் வேக வெச்ச நிலக்கடலையோ தட்டப்பயறோ தயாரா இருக்கும். கறவை கால் மணி நேரம் தள்ளிப் போச்சு, மாடு கத்தத்தான் செய்யுது. ராத்திரிச் சோத்துக்கு அப்புறம் ஒரு அச்சு வெல்லம், அவன் கேக்காமலே கையில குடுத்துருவோம். மீதி பூரா அண்ணன் வீட்டுக்குப் போயிருச்சு. 'திருடன்'கிற வார்த்தை வீட்ல தடை. எங்கம்மாவுக்குத்தான் இன்னும் பிடிபடல, "எங்க காலத்துல..."ன்னு ஆரம்பிச்சுரும். டவுன்ல ஃபிரிட்ஜைப் பூட்டி வெக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, புள்ள மதியம் என்ன சாப்பிடுதுன்னு ஒருதடவை பாருங்க.

முழுசா நின்னுருச்சுன்னு சொல்ல மாட்டேன். போன செவ்வாக்கிழமை மஞ்சளுக்குத் தண்ணி கட்டிக்கிட்டிருந்தேன். வரப்புல வந்து நின்னான்.

"அப்பா, பெரியம்மா வீட்ல ரெண்டு எடுத்துட்டேன்."

கையை விரிச்சுக் காட்டுனான். ஒண்ணுதான் இருந்துச்சு.

"இன்னொண்ணு?"

"வர்ற வழியிலயே..."

மடையை அடைச்சுட்டு வந்து, இருந்ததை ரெண்டாப் பிட்டுத் தின்னோம்.