முடி நன்றாக வந்திருந்தது

ஸ்டுடியோவில் டிசைனராக இருக்கிறேன். இறந்துபோனவர்களின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுப்பதும் என் வேலைதான். 2012-ல் ஒரு அம்மாவின் படத்தைக் கெடுத்தேன். தெரியாமல் நடந்தது என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்துதான் செய்தேன்.

மகன் செல்போனில் கொண்டுவந்தார். கல்யாண வீட்டில் யாரோ எடுத்தது. முகம் தெளிவாக இருந்தது. உச்சந்தலை மட்டும் படத்துக்கு வெளியே போயிருந்தது. "தலையை மட்டும் சேர்த்துக் குடுங்க தம்பி. அம்மா மாதிரி இருந்தாப் போதும்" என்றார். புளூடூத்தில் ஏற்றிக்கொண்டேன்.

ரெடிமேட் முடி எங்களிடம் டிவிடி டிவிடியாக இருக்கும். பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்புகள். அப்படியே எடுத்து வைத்தால் சவுரி மாதிரி நிற்கும். ஓரத்தில் வெள்ளைக்கோடு தெரியும். முகத்தில் வெளிச்சம் ஒரு பக்கம் விழும், முடியில் இன்னொரு பக்கம். இதைச் சரிசெய்வதில் எனக்குக் கர்வம் உண்டு. டிஃப்ரிஞ்ச் போட்டு வெள்ளையை எடுத்தேன். வார்ப்பில் மண்டைக்கு ஏற்ப வளைத்தேன். நெற்றியில் நிழல் விழுவதற்கு அடியில் ஒரு மல்டிப்ளை லேயர். கறுப்பை நரையாக்கினேன். பிறகு ஸ்மட்ஜ் டூல். இரண்டு மூன்று பிக்சல் பிரஷ்ஷில் ஒவ்வொரு இழையாக இழுத்தேன். 12-க்கு 18 அங்குலம், 300 டிபிஐ என்றால் 3600-க்கு 5400 பிக்சல். அவ்வளவு பெரிய படத்தில் காதோரம் பறக்கிற முடியைக்கூட விடவில்லை.

நெற்றிதான் ஒத்துவரவில்லை. அந்த அம்மாவுக்கு ஏறுநெற்றி. கோப்பில் இருந்தது யாரோ இளம்பெண்ணின் முடி. மாஸ்க் போட்டு முன்பக்கத்தை வெட்டினால் நான் இழுத்த இழையெல்லாம் போய்விடும். மனசு வரவில்லை. முடியைக் கீழே இறக்கினேன். வகிடு தொடங்கும் இடத்தில் பச்சை குத்திய மூன்று புள்ளிகள் இருந்தன. அவை முடிக்குள் போயின. ஏதோ கறை என்று நினைத்ததாகச் சொல்லலாம். பச்சை என்று நன்றாகத் தெரியும். என் ஆத்தாவுக்கும் இருந்தது. என் முடி அழகாக இருந்தது. அதற்காக அந்த அம்மாவின் நெற்றியை மூடினேன்.

லேயர்களை ஒன்றாக்கி, மூலப்படத்தின் மேலேயே கண்ட்ரோல் எஸ் அடித்து மூடிவிட்டேன். வேறு பெயரில் சேமிக்காத பையன்களை இதே நாற்காலியில் உட்கார்ந்து திட்டியிருக்கிறேன்.

பதினாறாம் நாளுக்கு முதல்நாள் சாயங்காலம் நானே படத்தைக் கொண்டுபோனேன். பாராட்டுவார்கள் என்ற ஆசைதான். இரண்டு பேர் பாராட்டவும் செய்தார்கள். அப்புறம் இறந்தவரின் அக்கா வந்தார். கண்ணாடிக்கு மிகவும் கிட்டே முகத்தை வைத்துப் பார்த்தார். நெற்றி இருக்கும் இடத்தை முந்தானையால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"பச்சையக் காணோமேய்யா. நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல குத்திக்கிட்டது."

அவர் நெற்றியிலும் அதே மூன்று புள்ளிகள்.

மகன் என்னைப் பார்த்தார். அப்போது ஒப்புக்கொண்டிருந்தால் அந்த நெற்றியைப் பார்த்தே வரைந்திருக்கலாம். அரைமணி நேர வேலை. பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன். "படத்துலயே விழலண்ணே. ஃபிளாஷ் வெளிச்சத்துல அப்படித்தான் ஆகும்" என்றேன். அவர் போனில் பார்க்கலாம் என்றால், அது ரிப்பேருக்குப் போன இடத்தில் எல்லாம் அழிந்துபோயிருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருடைய அம்மாவின் கடைசிப் படம் அது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

"படத்துலயே இல்லையாம் பெரியம்மா" என்றார் மகன்.

"அப்படியா. எனக்குத்தான் கண்ணு மங்கிருச்சுபோல" என்று அந்தப் பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒதுங்கினார். அதன்பிறகு படத்தின் பக்கம் அவர் வரவில்லை. நான் டீ குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பாக்கி 200 ரூபாயை மகன் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.