புள்ளியா, சுருளா?

கொயில் என்று எழுதும்போது கொம்பை ஒரு சுழி கூடச் சுழித்துவிட்டால் அது கோயில் ஆகிவிடும். சும்மா கொயில் என்றால் எங்கள் ஊரில் நுளம்புக்குப் பற்றவைப்பது. இந்தக் கட்டுரை மூன்றாவது ஒரு கொயிலைப் பற்றியது. அமெச்சூர் வானொலிக்காரர்கள், அதாவது 'ஹாம்'கள், அன்டெனாவில் சேர்க்கும் லோடிங் கொயில். கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறோம்.

2004 டிசம்பர் சுனாமியில் ஹம்பாந்தோட்டைக்குப் போகும் தொலைபேசித் தொடர்பு அறுந்துபோனது. அப்போது ரேடியோ சொசைட்டி ஒஃப் ஸ்ரீலங்காவின் தலைவர் விக்டர் குணதிலக்கவும் நண்பர்களும் சிற்றலைக் கருவிகளை வைத்து அங்கிருந்து கொழும்புக்குத் தொடர்பு ஏற்படுத்தினார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. கண்டி மாவட்டத்தில் மண் சரிந்து, ரோடு மூடி, கரண்டும் போய், ஃபோனும் போன ஊர்கள் எத்தனை! கையில் இருந்த ஃபோன் வெறும் டோர்ச் லைட் ஆனதைப் பார்த்த பிறகுதான் இந்தப் பழைய வித்தையை நாங்கள் தேடிப் படிக்க ஆரம்பித்தோம்.

முதல் சிக்கல் நீளம். 7 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 42 மீட்டர். நட்டு வைக்கும் கம்பி அதில் கால்வாசி, கிட்டத்தட்ட 10 மீட்டர் இருந்தால் நல்லது. கலகெதரயில் தகரக் கூரைக்கு மேல் 10 மீட்டர் கம்பத்தை யார் விடுவார்கள்? 3 மீட்டர் கம்பி என்றால் சரி. ஆனால் கட்டையான கம்பி ஒரு கொள்ளளவி மாதிரி நடந்து மின்னோட்டத்தைத் தடுக்கும். 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பிக்குக் கணக்குப் போட்டால் அந்தத் தடை சுமார் 965 ஓம் வருகிறது. அதற்கு நேர் எதிராக நடப்பது கம்பிச் சுருள். சுமார் 22 மைக்ரோஹென்றி சுருளை அடியில் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

"குறைந்த 7 மீட்டர் கம்பியைத்தான் சுருட்டி வைக்கிறோம்" என்று சிலர் விளங்கப்படுத்துவார்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் 1928இல் வீலர் தந்த எளிய சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். 5 சென்ரிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாயில், ஏழரை சென்ரிமீட்டர் நீளத்துக்கு 29 சுற்று சுற்றினால் போதும். அதற்குத் தேவைப்படும் கம்பி நாலரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். குழாயை மாற்றினால் அந்த நீளமும் மாறும். ஆக, காணாமல் போன 7 மீட்டர் அந்தச் சுருளுக்குள் ஒளிந்திருக்கவில்லை.

இனித்தான் உண்மையான சண்டை. கொயிலுக்குள் போகும் மின்னோட்டமும் மேலே வெளியே வரும் மின்னோட்டமும் ஒன்றா? ஹாம்கள் இதற்காக வருடக்கணக்கில் அடிபட்டிருக்கிறார்கள். சுருளை வெறும் புள்ளியாக எடுத்தால் உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒன்றேதான். அதை நீளமான ஒரு பாதையாகப் பார்த்தால் அப்படியிருக்க வேண்டியதில்லை.

எங்களுக்கு இது விளங்கியது பஸ்ஸால்தான். கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருநாகல் போகும் பஸ்ஸுக்கு, மெப்பில் கலகெதர ஒரு புள்ளி. புள்ளியில் யார் இறங்குவது? ஊருக்குள் நுழையும்போது இருந்த கூட்டம்தான் வெளியேறும்போதும் இருக்கவேண்டும். ஆனால் ஊருக்கு நீளம் இருக்கிறது. கடையடியில் இரண்டு பேர், பள்ளிக்கூடத்தடியில் மூன்று பேர் என்று இறங்கிவிடுகிறார்கள். மின்னோட்டமும் அப்படித்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் நிலத்துக்கும் நடுவே சின்னச் சின்னக் கொள்ளளவம் உண்டு. அதன் வழியே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். சுருள் குட்டையாக, இறுக்கமாக இருந்தால் இறங்குவோர் குறைவு, புள்ளிக் கணக்கு ஏறக்குறையச் சரி. சுருள் நீளமாகவும் பருமனாகவும் ஆக ஆக, புள்ளிக் கணக்கு பொய்க்கும். இரண்டு கட்சியிலும் நியாயம் உண்டு, கேட்க வேண்டியது "எந்தச் சுருள்?" என்பதுதான்.

கணினியிலும் இதே கதை. லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் பிறந்த 'நெக்' நிரலும் அதன் வாரிசுகளும் கம்பியைத் துண்டுதுண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டின் மின்னோட்டத்தையும் கணிக்கும். 2022 முதல் 'ஈஸிநெக்' இலவசம். அதில் கொயிலைப் புள்ளியாகவும் போடலாம், சுற்றுச் சுற்றாக வரையவும் செய்யலாம். புள்ளியாகப் போட்டுவிட்டு "பார்த்தீங்களா, இரண்டு பக்கமும் ஒரே மின்னோட்டம்!" என்று காட்டுவது நிரூபணம் இல்லை. நாம் போட்டதைத்தான் அது திருப்பித் தருகிறது. சமூகவியல் வகுப்பில் கேள்விக்கொத்தைப் பற்றிச் சொல்வதும் இதைத்தானே?

பிழைத்த கணக்குக்கு விலையும் உண்டு. அந்த 3 மீட்டர் கம்பி அலையாக வெளிவிடும் சக்திக்கு ஈடான தடை வெறும் 2 ஓம்தான். கொயிலின் தரத்தைச் சொல்லும் கியூ எண் 200 என்றால் அதன் சொந்தத் தடை கிட்டத்தட்ட 5 ஓம். 100 வாட் கொடுத்தால் முப்பதுக்கும் குறைவாகத்தான் காற்றில் போகும், மற்றதெல்லாம் கொயிலைச் சூடாக்கும். நிலத்தில் வீணாவதை இன்னும் சேர்க்கவில்லை. இழப்பே இல்லாத கொயிலை நிரலில் போட்டால் திரையில் எல்லாம் அருமையாக இருக்கும். பெற்றரியில் ஓடுகிற இரவில்தான் தெரியும்.

இன்னொன்று, நட்ட கம்பி நேர் மேலே அதிகம் அனுப்பாது. மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் பேச, அலை மேலே போய் அயனமண்டலத்தில் பட்டுத் திரும்ப வேண்டும். அதற்குத் தாழ்வாகக் கட்டிய படுக்கைக் கம்பிதான் நல்லது. முழு நீளம் 20 மீட்டர். இரண்டு பாக்கு மரத்துக்கு நடுவே அவ்வளவு இடம் இல்லையென்றால் இரு பக்கமும் ஒவ்வொரு கொயில்.

எங்களிடம் லைசன்ஸ் இல்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சை பாஸாகும்வரை ஒரு வார்த்தைகூட அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. கணக்குப் போடவும் கேட்கவும்தான் இப்போதைக்கு. யாராவது சேர்ந்து படிக்க வருவதென்றால் வாங்க. பௌதிகம் தெரிந்த ஓர் ஆள் எங்களுக்கு அவசரமாகத் தேவை.