வாசலில் ஓர் இடம்

தமிழ் எழுத்துகளைக் கொண்டு இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் 'தம்பிரான் வணக்கம்'. 1578இல் கொல்லத்தில் அச்சேறியது, 16 பக்கங்கள், ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார். உரைநடை வளர்ச்சி பற்றிய தாளில் 20 ஆண்டுகளாக இதை இரண்டு மதிப்பெண் வினாவாகக் கற்பித்து வருகிறேன். கிறித்தவ நம்பிக்கையின் அடிப்படைகளைக் கற்பிக்க எழுந்த நூல் அது என்பதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவேன். அத்தகைய நூலொன்றைக் கையில் வைத்துக்கொண்டு 47ஆம் வயதில் நானே மாணவனாக அமர நேரும் என்று எண்ணியதில்லை.

என் மனைவி பிறப்பால் கத்தோலிக்கர். ஆயரின் சிறப்பு அனுமதியோடு 19 ஆண்டுகளுக்கு முன் கோயிலில்தான் எங்கள் திருமணம் நடந்தது. ஞாயிறுதோறும் அவரையும் மகளையும் கோயிலில் விட்டுவிட்டு, வெளியே வேப்பமர நிழலில் செய்தித்தாள் படித்துக் காத்திருப்பது என் வழக்கம். அந்த நிழலை விட்டு எப்போது கடைசி வரிசைக்கு வந்தேன், ஏன் வந்தேன் என்பதைச் சொல்ல எனக்கு இன்னும் சொற்கள் சேரவில்லை. திருமுழுக்குப் பெற விரும்புகிறேன் என்றபோது மனைவி சொன்னது ஒன்றுதான்: "எனக்காகன்னா வேண்டாங்க."

சில வாரப் பாடம், பிறகு தலையில் தண்ணீர் என்றுதான் நினைத்திருந்தேன். பங்குத்தந்தை சிரித்தார். பழந்திருச்சபையில் இந்த ஆயத்தம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. புனித அகுஸ்தீன் 387இல் மிலான் நகரில் ஈஸ்டர் திருவிழிப்பில் முழுக்குப் பெற்றதும் அத்தகைய ஆயத்தத்திற்குப் பிறகே. காலப்போக்கில் அம்முறை மங்கியது. நம் முத்துக்குளித்துறையில் 1530களில் பரதவர் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றனர். முறையான போதனையோ 1542இல் சவேரியார் வந்த பிறகுதான் தொடங்கியது. முழுக்கு முந்தியது, பாடம் பிந்தியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் பழைய படிநிலைகளை மீட்கப் பணித்தது. 1972இல் அதற்கான சடங்கு நூல் வெளியாயிற்று.

அதன்படி முதலில் விசாரித்து அறியும் காலம். அடுத்து, கோயில் வாசலில் ஏற்பு. அதன்பின் வருவது நீண்ட ஆயத்தகாலம். இது இத்தனை மாதத்தில் முடிந்தாக வேண்டும் என்ற கெடு இல்லை. ஆயத்தமானவர் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று பெயர் கொடுப்பார். மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் சமாரியப் பெண், பார்வையற்றவர், இலாசர் ஆகியோரைப் பற்றிய யோவான் நற்செய்திப் பகுதிகளோடு அகச்சோதனைச் சடங்குகள். ஈஸ்டர் இரவில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் ஒருங்கே. அதன் பிறகும் பெற்றதன் பொருளை உணர்வதற்கென்று ஒரு காலம்.

கற்பித்தவர் எழுபதைக் கடந்த உபதேசியார். முதல் நாளே அவரோடு சொல்லாராய்ச்சியில் இறங்கினேன். அவர் 'விசுவாசம்' என்றார். 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம் 'நம்பிக்கை' என்கிறது. முன்பு நம்பிக்கை எனப்பட்டது அதில் 'எதிர்நோக்கு' ஆகிவிட்டது. இவற்றின் பொருள் வேறுபாட்டைக் கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எந்தச் சொல்லைச் சொன்னாலும் சார், சொன்ன பிறகு அதுல நிக்கணும்." நான் குறிப்பேட்டை மூடிவைத்தேன்.

என்னுடன் இருவர் இருந்தனர். ஒருவர் மணமாகவிருந்த செவிலியர். மற்றவர் ஆட்டோ ஓட்டுநர். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயங்களைச் சாராதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படார். தமிழ்நாட்டில் அவ்வாறு கிறித்தவராக மாறுவோர் பிற்படுத்தப்பட்டோர் ஆவர். மகளின் சான்றிதழ் என்னாகும் என்று மூன்று ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருப்பவர் அவர். ஒவ்வொருவரிடமும் நூலில் விடை இல்லாத வினா ஒன்று இருந்தது.

என் வினாவை என் அம்மா கேட்டார்.

வாசல் சடங்கு முடிந்த அன்று மாலை அது. திருச்சபையிடம் நான் வேண்டுவது என்ன என்று குரு வினவியதையும், மைத்துனர் என் நெற்றியில் சிலுவை வரைந்ததையும் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குச் சமயப் பகை கிடையாது. அவர் வேளாங்கண்ணிக்குப் போகாத ஆண்டில்லை. பூசை மாடத்தில் முருகனுக்குப் பக்கத்தில் மாதா படம் இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மாதாவை நானுந்தான் கும்புடுறேன் தம்பி. அது வேற. எனக்குக் கொள்ளி வைக்கிறது யாரு? அதைச் சொல்லு."

நான் ஒரே மகன். வாயில் சொல் எழவில்லை.

அடுத்த வாரம் உபதேசியார் ஒரு சட்ட நுணுக்கத்தைச் சொன்னார். ஆயத்தநிலையில் இருப்பவர் திருமுழுக்குப் பெறுமுன் இறந்துபோனாலும் அவருக்குக் கிறித்தவ அடக்கம் உண்டு; திருச்சபை அவரை அதற்குள் தன்னவராக எண்ணிக்கொள்கிறது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் சாவுக்குச் சட்டத்தில் விடை இருந்தது. அம்மாவின் சாவுக்கு இல்லை.

பங்குத்தந்தையிடம் போனேன். அவர் உடனே தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. "நெருப்பு சிக்கல் இல்ல சார். 1963லிருந்து கத்தோலிக்கர் உடலையே எரிக்கலாம். பெத்தவங்களுக்குச் செய்யுற கடமை எது, வழிபாடு எது, அதைத்தான் பிரிச்சுப் பார்க்கணும்" என்றார். பிறகு, "தத்துவ போதகரை நீங்கதானே பாடம் நடத்துறீங்க?" என்று கேட்டார். வெட்கமாக இருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த நொபிலி அடிகள் பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக அடையாளங்களே என்று வாதாடியதையும், 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவற்றை அனுமதித்ததையும் நான் இலக்கிய வரலாறாக மட்டுமே அறிந்திருந்தேன். அந்த வழக்கு என் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது.

இருவரும் ஒரு தாளில் எழுதினோம். வாய்க்கரிசி, நெய்ப்பந்தம், கொள்ளிக்குடம், கொள்ளி, பால் தெளித்தல், கருமாதி, திதி. பக்கத்தில் இரண்டு கட்டங்கள். சிலவற்றை எளிதில் வைக்க முடிந்தது. சில நடுக்கோட்டிலேயே நின்றன. "இதை அம்மாகிட்ட காட்டுங்க. தவக்காலத்துல பேர் குடுக்குறதைப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றார்.

காட்டினேன். அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். "நான் இன்னும் சாகலையேடா!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பாதி மூச்சு திரும்பியது. பிறகு கொள்ளிக்குடத்திலும் கொள்ளியிலும் விரல் வைத்து, "இது ரெண்டும் உன் கையால. மத்ததை உன் அக்கா மவன் செய்யட்டும்" என்றார். சற்றுப் பொறுத்து, "திதியை மட்டும் நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

இன்னும் சொல்லவில்லை.

இந்த ஆண்டு தவக்காலத்தில் நான் பெயர் கொடுக்கவில்லை. ஈஸ்டர் இரவில் செவிலியரும் ஆட்டோ ஓட்டுநரும் வெள்ளாடை அணிந்து, பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றிய மெழுகுவத்தியோடு நின்றனர். மகள் தன் முடிவைத் தானே எடுக்கட்டும் என்று அவர் துணிந்துவிட்டார். நான் கடைசி வரிசையில் நின்று பார்த்தேன். பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் இப்போது ஒன்று தெளிவாகிறது. ஆயத்தம் என்பது பாடங்களைப் படித்து முடிப்பது என்று நினைத்திருந்தேன். உள்ளே போகுமுன், யாரிடம் பேசாமல் வந்துவிட்டோமோ அவரிடம் திரும்பிப் போய்ப் பேசுவதும் அதில் ஒரு பகுதிதான். அதற்குக் கெடு வைக்காதவர்கள் அறிந்துதான் வைக்கவில்லை போலும்.

அந்தத் தாள் அம்மாவின் பூசை மாடத்தில், இரண்டு படங்களுக்கும் நடுவில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அம்மா அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறார். நான் கேட்பதில்லை.